கிளையில் தொங்கிய பெட்டி

அந்தக் கல்லு இல்ல தம்பி. அதுக்கு அடுத்தது. பாசி வழுக்கும், பாத்து. கையை அப்படி உள்ள விடாதீங்க, நண்டு கெடக்கும். இருங்க, நான் எடுத்துத் தாரேன்.

பயந்துட்டீங்களா? போலீஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் பேரு ஹென்றி மோத்தா. கப்பலுக்குச் சாமான் சப்ளை பண்ணுத கம்பெனியில ஸ்டோர் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். வீடு அந்தா, பீச் ரோட்டுக்குப் பின்னால ரெண்டாவது தெரு. சாயங்காலமானா இங்கனதான் உக்காந்திருப்பேன். போனைப் பாத்துக்கிட்டே ஒரு ஆளு கல்லு மேல தட்டுத் தடுமாறி வந்தா, அவரு மீன் வாங்க வரலைன்னு எனக்குத் தெரியாதா?

எந்த ஊரு? கோயம்புத்தூரா? அங்கயிருந்து இதுக்குன்னே வந்தீங்களா! சரி, உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க உங்களுக்கு.

உங்க விளையாட்டு எனக்கு அத்துப்படி, பாத்துக்கிடுங்க. ஒருத்தன் ஒரு டப்பாவை ஒளிச்சு வைப்பான். அந்த இடத்தோட நம்பரை இன்டர்நெட்ல போடுவான். முன்னப்பின்ன தெரியாத இன்னொருத்தன் போனைப் பிடிச்சுக்கிட்டு வந்து தேடி எடுப்பான். உள்ள இருக்க காகிதத்துல பேரை எழுதுவான். எடுத்த இடத்துலயே வச்சுட்டுப் போவான். பரிசு உண்டா? கெடையாது. கப்பு, சர்டிபிகேட்டு? அதுவும் கெடையாது. ஜியோகேச்சிங்குன்னு ஒரு பேரு. மொதல்ல என் மகன் சொல்லும்போது நான் சிரிச்சேன். இஞ்சினியரிங் படிச்சது இதுக்குத்தானாலேன்னு கேட்டேன்.

ஆமா, இந்தப் பெட்டி என் மகன் வச்சது. கஸ்பார். உங்க போன்ல ஓனர்னு போட்டிருக்கும்லா, அது அவன்தான். கனடாவுல வின்னிபெக்ன்னு ஒரு ஊரு, அங்க இருக்கான். வேலை கெடச்சுப் போறதுக்கு முந்துன வாரம் அவனும் அவன் அம்மாவும் வந்து இங்க வச்சாங்க. நான் வரல. எனக்கு வேற வேலை இல்லையா?

ஆனா ஒளிச்ச இடம் சரியில்லைன்னு மறுநாளே வந்து பாத்துட்டு நான்தான் மாத்தி வச்சேன். அவன் மேலாப்புல வச்சிருந்தான். நான் கீழ இறக்கி, ரெண்டு கல்லுக்கு நடுவுல செருகி, மேல ஒரு கல்லை ஏத்தினேன். சாமானைப் பத்திரமா வைக்கதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், தம்பி. முப்பது வருசம் அதுதான் என் வேலை. கடக்கரையில எதையும் தாழத்தான் வைக்கணும். மேல வச்சா காத்து தூக்கும், கண்ணுல படும். உப்புக் காத்துக்கு மூடி துருப்பிடிக்கும், அதுக்கு நான் மாசா மாசம் எண்ணெய் போடுதேன். ஐப்பசி மழைக்கு உள்ள ஈரம் ஏறும், காகிதத்தை மாத்துவேன். ஒரு தடவை மீன்காரர் ஒருத்தர் இதுல பீடிக்கட்டைப் பத்திரப்படுத்தி வச்சிருந்தாரு! மத்தபடி இங்க என்ன தொந்தரவு? சித்திரையில வந்தாலும் எடுக்கலாம், மார்கழியில வந்தாலும் எடுக்கலாம். குளிருன்னு ஒண்ணு எங்களுக்குத் தெரியுமா? ஊர் மாதாவுக்குப் பேரு பனிமய மாதா. அந்தா கோயிலு. ஆனா பனியைக் கண்ணால பாத்தவன் ஊர்ல எத்தனை பேரு? மார்கழி விடியக்காலையில தலையில துண்டைக் கட்டிக்கிட்டு டீக்கடைக்குப் போவோம், அதோட சரி.

நான் பாத்தேன் தம்பி. பனியைப் பாத்தேன். பாத்தது போதும்.

உங்களுக்குப் போற அவசரம் இல்லைல்லா? சொல்லுதேன்.

என் வீட்டுக்காரி பேரு பிலோமினா. நான் பிலோன்னு கூப்பிடுவேன். அவளுக்குக் கஸ்பார் ஒரே பிள்ளை. அவன் போன பெறகு அவ சோறு தண்ணி இல்லாம கெடந்தா. கனடா போகணும், கனடா போகணும்னு ஒரே பாட்டு. அவனும் டிக்கெட் எடுக்கேன், டிக்கெட் எடுக்கேன்னு ரெண்டு மூணு வாட்டி சொன்னான். நான்தான் வேண்டாம்னேன். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு, பாத்துக்கிடுங்க. அந்தக் குளிரு தாங்குமா? பெறகு பாஸ்போர்ட்டு எடுக்கணும். அதுக்குப் போலீஸு வீட்டுக்கு விசாரிக்க வரும். தெருவுல என்ன நெனைப்பாங்க? வீட்டைப் பூட்டிப் போட்டுட்டு மாசக்கணக்குல போனா எனக்கு யாரு பொங்கிப் போடுவா? இதெல்லாம் யோசிக்கணும்லா. நான் யோசிச்சேன். அவளுக்கு யோசிக்கத் தெரியாது.

அப்ப அவ என்ன செஞ்சா தெரியுமா? கழுத்துல கெடந்த மாதா மெடலைக் கழட்டினா. கல்யாணத்துக்கு முன்னால இருந்து கெடந்தது, நகக்கண்ணு அளவுதான் இருக்கும். கஸ்பார் ஒரு தகடு அனுப்பியிருந்தான், நம்பர் போட்ட தகடு. இந்த விளையாட்டுல ஊர் சுத்துத பொருள்னு ஒண்ணு உண்டு, உங்களுக்கே தெரியும். ஒரு பெட்டியில போட்டா, வாரவன் எடுத்துட்டுப் போய், போற ஊர்ல இன்னொரு பெட்டியில போடுவான். அங்க வாரவன் அடுத்த ஊருக்குக் கொண்டு போவான். அது போய்ச் சேர வேண்டிய இடம் எதுன்னு இன்டர்நெட்ல எழுதி வைக்கலாம். அவ வின்னிபெக்ன்னு எழுதினா. என் மகன்கிட்டன்னு எழுதினா. மெடலைத் தகட்டோட கோத்து இந்தப் பெட்டிக்குள்ள போட்டுட்டு வந்துட்டா.

தங்கம் இல்ல, வெள்ளிதான். இருந்தாலும் நான் ஏசினேன். எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்டின்னேன். போகட்டும்ங்க, போகத்தான போட்டேன்னா.

சொன்னா நம்ப மாட்டீங்க, அது போச்சு தம்பி! கொச்சிக்காரர் ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு. அங்கயிருந்து ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஜெர்மனிக்குக் கொண்டு போச்சு. பிலோ தெனமும் போனைப் பாப்பா. இன்னைக்கு ஜெர்மனியில இருக்கேன்ம்பா. ஆமா, இருக்கேன்னுதான் சொல்லுவா. மெடல் இருக்குன்னு சொல்ல மாட்டா. அது ஒரு மாதிரி பேச்சு அவளுக்கு. பெறகு நார்வே. நார்வேயில ஒரு காட்டுல பெட்டிக்குள்ள கெடந்துச்சு, பனி விழுந்து பெட்டியை மூடிட்டு. மாசக்கணக்கா ஒருத்தரும் எடுக்கல. இவ இங்க மூச்சு இழுத்துக்கிட்டுக் கட்டில்ல உக்காந்து, உருகிரும், உருகிரும்னுட்டே கெடந்தா.

உருகுறதுக்கு முன்னால அவ போயிட்டா.

ஃப்ரீசர் பெட்டியில வச்சுக் கஸ்பாருக்காகக் காத்திருந்தோம். அங்க பனிப்புயல், விமானம் கெளம்பலன்னான். நாளைக்கு வந்துருவேன் அப்பா, நாளைக்கு வந்துருவேன்னான். சாமியாருக்கும் வேற வேலை இருக்கும்லா? சொந்தக்காரங்க எல்லாம் எத்தனை நாள் உக்காந்திருப்பாங்க? அடக்கம் பண்ணிட்டோம். மறுநாள் காலையில டாக்ஸியில வந்து எறங்குதான். அதை நான் என்ன செய்ய முடியும்? புயல் நான் வரவழைச்சதா? கல்லறையில போய் நின்னான், வந்தான், போயிட்டான்.

அதுக்குப் பெறகு வீட்ல ஒத்தையாக் கெடந்தேன். ஹோட்டல் சாப்பாடு வயித்துக்கு ஒத்துக்கல. வாங்கப்பான்னு ஒரு நாள் அவனே கூப்பிட்டான். பாஸ்போர்ட்டு எடுத்தேன். ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல, தம்பி, அரை நாள் வேலைதான். போலீஸ்காரர்கூட வீட்டுக்கு வந்து டீ குடிச்சுட்டுத்தான் போனாரு.

நான் போகும்போது அங்க இலையெல்லாம் மஞ்சளா இருந்துச்சு. வெயில் அடிச்சுது. இதுக்கா இம்புட்டுப் பயந்தோம்னு தோணுச்சு. அப்பாவும் மகனும் நல்லாத்தான் இருந்தோம். காலையில அவன் வேலைக்குப் போவான், நான் குழம்பு வைப்பேன். ராத்திரி ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம். எனக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தான், காது மூடுத தொப்பி.

அந்தச் சமயத்துலதான் ஒரு நாள் வேலையில இருந்து ஓடி வாரான். அப்பா, அம்மாவோட மெடல் வந்துருச்சுன்னு சொல்லிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதான். கல்யாணமான நாள்ல இருந்து நான் யாரையும் அப்படிக் கட்டிப் பிடிச்சது கெடையாது. ஒரு அம்மா எங்கயோ இருந்து கொண்டு வந்து, அவன் வீட்டுக்குப் பக்கத்துல ஆத்தோரத்துப் பார்க்குல அவனே வச்சிருந்த பெட்டிக்குள்ள போட்டுட்டு, போட்டுட்டேன்னு எழுதியிருக்கு. எத்தனை கை மாறி வந்திருக்கு பாருங்க! ஒரு கையும் அதைத் தொலைக்கல.

உடனே போய் எடுத்திருந்தா இந்தக் கதையே இல்ல. அவனுக்கு ஒரு ஆசை. கல்லறைத் திருநாளு வருதுப்பா, அன்னைக்கு நம்ம ரெண்டு பேருமாப் போய் மெழுகுதிரி கொளுத்தி, அங்க வச்சே தொறப்போம்னான். அம்மா அடக்கத்துக்குத்தான் இல்ல, இதுக்காவது இருக்கேன்னான். சரின்னேன். அன்னைக்கே சாயங்காலம் இடத்தைக் காட்டக் கூட்டிட்டுப் போனான்.

போய்ப் பாத்தா, தம்பி, ஒரு மரக்கெளையில, என் தலைக்கு மேல, கம்பியில கட்டித் தொங்குது பெட்டி! எல்லாரும் நடக்க பாதைக்குப் பக்கத்துல. என்னலே இப்படித் தொங்கப் போட்டிருக்கன்னு கேட்டேன். சிரிக்கான். இங்க அப்படித்தான்பா, பனி வந்தா தரை உசந்துரும், இப்பத் தலைக்கு மேல இருக்கது அப்பக் கைக்கு எட்டும், கீழ வச்சா சித்திரை வரைக்கும் எடுக்க முடியாதுன்னான்.

கேட்டுக்கிட்டேன். கேக்காம இல்ல. ஆனா அன்னைக்கு வெயில் அடிக்கு, பாத்துக்கிடுங்க! பனி எங்க இருக்கு? பொறந்ததுல இருந்து கடக்கரையில சாமானைக் கட்டிக் காத்தவன் நான். ரெண்டு கண்ணால பாக்கேன், காத்துல ஆடுது, வாரவன் போறவன் எல்லாம் பாக்கான். கொரங்கு மாதிரி ஒரு அணிலு அது மேல ஏறி எறங்குது. அதுக்குள்ள பிலோ கழுத்துல கெடந்தது இருக்கு.

அவன் வேலைக்குப் போன பெறகு தெனமும் போய் அந்த மரத்தடியில நிப்பேன். ஒரு நாள் காத்து பலமா அடிச்சுது. மனசு கேக்கல. ஒரு கம்பை வச்சுக் கீழ எறக்கினேன். தொறந்து பாத்தேன். மெடலு வெளுத்துப் போய், மாதா முகமே தேஞ்சு கெடந்துச்சு. முத்தம் கொடுத்தேன். சட்டைப்பையில போட்டுட்டு வந்திருக்கலாம்தான. போடல! ஏன்னா அவன் ஆசை அது, ரெண்டு பேருமாத் தொறக்கணும்னு. பிள்ளை ஆசையை நான் கெடுப்பனா?

அதனால பெட்டியை மூடி, ஆத்தங்கரைக்குக் கொண்டு போனேன். கரையோரமா நம்ம ஊரு மாதிரியே நல்ல நல்ல கல்லாக் கெடந்துச்சு. ரெண்டு கல்லுக்கு நடுவுல தாழச் செருகினேன். மேல ஒரு கல்லை ஏத்தினேன். அடையாளத்துக்குப் பக்கத்துல ஒரு மஞ்சப் புதரு. என்னைத் தவிர எவனும் எடுக்க முடியாது. கஸ்பார்கிட்டச் சொல்லல. திருநாள் அன்னைக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினா சந்தோசப்படுவான், அப்பாவுக்கும் இந்த விளையாட்டு தெரிஞ்சுட்டேன்னு நெனைப்பான்னு இருந்தேன்.

அந்த வாரமே பனி விழுந்துச்சு. இந்த வருசம் சீக்கிரம் வந்துட்டுன்னான். நான் சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. மாதா பேருல இருக்க பனி இதுதானான்னு கைகூட எடுத்துக் கும்பிட்டேன்.

கல்லறைத் திருநாள் அன்னைக்கு லீவு போட்டான். மெழுகுதிரி வாங்கி வச்சிருந்தான், அவன் அம்மா போட்டோ எடுத்துக்கிட்டான். முழங்கால் அளவு பனி. நடக்க முடியாம என் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறான், நான் அவனைச் சின்னதுல கூட்டிட்டுப் போன மாதிரி. மரத்துக்கிட்டப் போனோம். கெளையைப் பாத்தான். பெட்டி இல்ல. அவன் முகம் போன போக்கைப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பயந்துட்டியாலே, நான் பத்திரமா வச்சிருக்கேன், வான்னு ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போனேன்.

தம்பி, ஆறே இல்ல.

எல்லாம் ஒரே வெள்ளை. கரை எது, தண்ணி எது, கல்லு எது, ஒண்ணும் தெரியல. மஞ்சப் புதரைத் தேடுதேன். இலை இருந்தாத்தான மஞ்சளு? அம்புட்டுக் குச்சியும் ஒரே மாதிரி நிக்கி. இங்கன தோண்டுன்னேன். தோண்டினான். இல்ல, அங்கனன்னேன். அங்கன தோண்டினான். மண்வெட்டி எடுத்துட்டு வந்து தோண்டினான். கீழ ஐஸு பாறையா இறுகிக் கெடக்கு. மறுநாளும் தோண்டினான், அதுக்கு அடுத்த நாளும். அவன் கூட விளையாடுத ஆளுங்க வந்து உதவினாங்க, இரும்பைக் கண்டுபிடிக்க மிஷின் கொண்டாந்தாங்க. மேல மேல பனி விழுந்துக்கிட்டே இருக்கு. அவன் விரல் நுனியெல்லாம் கறுத்து டாக்டர்கிட்டப் போக வேண்டியதாச்சு. நிறுத்துலேன்னேன். சித்திரையில உருகும், அப்ப எடுத்துக்கலாம், பெட்டி எங்கயும் ஓடிப் போகாது, நான் வச்ச பெட்டின்னேன்.

அப்பத்தான் சொன்னான். சத்தமாக்கூடச் சொல்லல. கையில கட்டுப் போட்டுக்கிட்டு, சாப்பாட்டு மேசையில உக்காந்து சொன்னான்.

அம்மாவையும் வர விடல நீங்க. அம்மா அனுப்புனதையும் வர விடலன்னான்.

நீங்களே சொல்லுங்க தம்பி, இது என்ன பேச்சு? ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? அது இழுப்பு விசயம், இது பெட்டி விசயம். நல்லதுக்குச் செஞ்சேன். ரெண்டையும் நல்லதுக்குத்தான செஞ்சேன்! பனி மூடினதுக்கு நான் பொறுப்பா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஒரு தகரத்துக்காகப் பெத்த அப்பனை இந்தக் கேள்வி கேக்கியாலேன்னு சத்தம் போட்டேன். அவன் எந்திரிச்சு உள்ள போயிட்டான்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரே வீட்டுக்குள்ள இருந்தோம். சாப்பாடு இருக்குப்பான்னு சொல்லுவான், அதோட சரி. நான் சன்னலுக்குப் பக்கத்துல உக்காந்து பனியைப் பாத்துக்கிட்டே இருப்பேன். வெளிய போக முடியாது. பேச ஆளு இல்ல. பிலோ ஞாபகம் வரும். அவ மட்டும் இருந்திருந்தா அவனுக்கு எடுத்துச் சொல்லியிருப்பா, அப்பா நல்லதுக்குத்தான் செஞ்சாருன்னு. அப்படித்தான் எப்பவும் சொல்லுவா.

உருகுச்சு. கடைசியில உருகுச்சு. ஆனா அங்க உருகுறதுன்னா சொட்டு சொட்டா இல்ல. ஆத்துல ஐஸு பாளம் பாளமா உடைஞ்சு, கரையைச் செதுக்கிக்கிட்டுப் போகுது. தண்ணி ஏறிப் பார்க்கே முங்கிட்டு. வடிஞ்ச பெறகு போய்ப் பாத்தோம். நான் செருகுன கல்லையே காணோம். பெட்டிக்கு எங்க போக? அந்தக் கெளை மட்டும் அப்படியே இருக்கு. கம்பிகூட அப்படியே தொங்குது. அவன் அதையே பாத்துக்கிட்டு நின்னான்.

ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டு வந்து விட்டான். பெட்டியெல்லாம் தூக்கிக் கொடுத்தான், குறை சொல்லக் கூடாது. போயிட்டு வாரேன்லேன்னேன். தலையை ஆட்டினான்.

அதுல இருந்து போனை எடுக்கதில்ல. நானும் அடிக்கேன், அடிக்கேன், அது அடிச்சுக்கிட்டே இருக்கும். சொந்தக்காரங்க கேட்டா நல்லா இருக்கான்னு சொல்லுதேன். பின்ன என்ன சொல்ல?

அதனாலதான் இங்க வந்து உக்காந்திருக்கேன். இந்தப் பெட்டியை யாரு எடுத்தாலும் அவனுக்குச் சேதி போகும்லா? நீங்க எழுதுததை அவன் படிப்பான். நான் அடிச்சா எடுக்க மாட்டான், நீங்க எழுதினா படிப்பான். வாரவங்ககிட்டயெல்லாம் ஒரு வரி எழுதச் சொல்லுவேன். உங்க அப்பாவைப் பாத்தோம், நல்லா இருக்காரு, பெட்டியை நல்லாப் பாத்துக்கிடுதாருன்னு. மொதல்ல வந்தவங்களுக்கெல்லாம் நன்றின்னு பதில் போட்டான். படிச்சுக் காட்டச் சொல்லிக் கேப்பேன். மழைக்குப் பெறகு ஆளு வரத்து கொறஞ்சுட்டு. இந்த மாசம் நீங்கதான் மொதல்ல.

எழுதுங்க தம்பி. பேரை எழுதிட்டீங்களா? அந்தக் காகிதத்துல எழுதுனது போதும். போன்ல எழுதுங்க, அதான் அவனுக்குப் போகும்.

என்ன பாக்கீங்க? சிக்னல் இல்லையா? இங்க நல்லா எடுக்குமே.

மூடியாச்சுன்னா? என்ன மூடியாச்சு? பெட்டி இந்தா என் கையில இருக்கு. தொறந்துதான இருக்கு? ஓ, இன்டர்நெட்லயா? யாரு மூடுனது? கம்பெனிக்காரனா?

அவனேவா?

நீங்க கெளம்பும்போது இருந்துச்சுல்லா? முன்னமே வீட்ல வச்சுப் போன்ல எறக்கி வச்சுட்டீங்களா, சரி சரி. இல்ல, தப்பா இருக்கும். என்னமோ எழுதியிருக்கான்னு சொன்னீங்களே, படிங்க. பரவாயில்ல, படிங்க. இங்கிலீஷ்ல வேண்டாம், எனக்கு நின்னு நின்னுதான் புரியும். தமிழ்ல சொல்லுங்க.

ம்.

இன்னொரு தடவை சொல்லுங்க.

இந்தப் பெட்டியைப் பாத்துக்கிட ஊர்ல எனக்கு யாரும் இல்ல, அதனால மூடுதேன். அம்புட்டுத்தானா? யாரும் இல்லன்னுதான் இருக்கா? நல்லாப் பாருங்க. என்னைக்கு எழுதுனது? பழசா இருக்கும், அவன் அம்மா போன சமயத்துல எழுதியிருப்பான்.

போன வாரமா?

சரி.

இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேண்டாம். உப்புக் காத்து, கண்ணு கரிக்கும் இங்க.

மூடுன பெறகும் கீழ எழுத முடியுமா, தம்பி? முடியுமா? அப்ப எழுதுங்க. பெட்டி நல்லா இருக்குன்னு எழுதுங்க. நனையலன்னு எழுதுங்க, துருப்பிடிக்கலன்னு எழுதுங்க. என்னைப் பாத்தேன்னு எழுத வேண்டாம். அப்பான்னு இருந்தா மேல படிக்க மாட்டான். பெட்டின்னு மட்டும் எழுதுங்க.